முகம் மாறாத நிழற்படம்
அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்தலும் வண்ணத்தைச் சீர்செய்தலும்

தோட்டத்து வீடுகளின் சுவர்களில் தொங்கும் படங்களை ஒருமுறை நோக்குங்கள். தாத்தாவும் பாட்டியும் பட்டணத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கும். பெற்றோரின் திருமணப் படம் ஒன்று இருக்கும். பிள்ளைகளின் படங்களும் பேரப்பிள்ளைகளின் படங்களும் மட்டும் சுவரில் இரா. அவை ஆயிரக்கணக்கில் கைப்பேசிக்குள் அடைபட்டுக் கிடக்கும்.

கைப்பேசி நீரில் விழுந்தால், தொலைந்தால், பழுதுற்றால் அப்படங்களும் அதனோடு போய்விடக்கூடும். நம் நாட்டில் பல ரப்பர்த் தோட்டங்கள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயம், கோயில், பள்ளிக்கூடம், பால் நிறுத்த ஸ்டோர் ஆகியவற்றைப் பிற்காலத்தவர் படத்தில்தான் காண முடியும். ஆதலின், முக்கியமான படங்களைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுதல் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க கடமையாகும்.

அச்சிட்டால் மட்டும் போதாது. கைப்பேசியில் தெளிவாகத் தோன்றிய முகம் தாளில் கருத்துப் போவதையும், பச்சையோ சிவப்போ படிவதையும், இரண்டே ஆண்டுகளில் வெளிறிப் போவதையும் பலர் கண்டு வருந்தியிருப்பர். இவற்றைத் தவிர்க்கும் வழிகளை இப்பாடத்தில் காண்போம்.

1. திரையும் தாளும் ஏன் வேறுபடுகின்றன?

கைப்பேசியின் திரை ஒளியை உமிழ்கின்றது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டி எல்லா வண்ணங்களையும் அது உண்டாக்குகின்றது. மூன்றும் முழுமையாகச் சேர்ந்தால் வெண்மை பிறக்கும்.

தாளுக்குச் சொந்த ஒளி இல்லை. அதன்மீது படும் ஒளியில் ஒரு பகுதியை மை விழுங்கிக்கொள்ள, எஞ்சிய ஒளியே நம் கண்ணை வந்தடைகின்றது. இதற்குப் பயன்படும் மைகள் சயான் எனப்படும் பசுநீலம், மெஜந்தா எனப்படும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்பனவாகும். மை கூடக் கூடப் படம் இருளும்.

ஒன்று கூட்டும் முறை, மற்றொன்று கழிக்கும் முறை. எனவே திரையில் பளிச்சிடும் சில வண்ணங்களைத் தாள் என்றுமே தர இயலாது. பட்டுச் சேலையின் பளீரென்ற இளஞ்சிவப்பும், விளக்கொளியில் மின்னும் நீலமும் அச்சில் சற்று அடங்கியே வரும். இது கடைக்காரரின் குற்றமன்று. சேலையின் வண்ணத்தை எட்டிப் பிடிக்க முயன்று முகத்தின் வண்ணத்தைக் கெடுத்துக்கொள்ளல் ஆகாது. முகம் சரியாக அமைந்தால் படம் சரியாக அமைந்ததாகவே கொள்ள வேண்டும்.

2. எத்தகைய அச்சுப்பொறி?

அச்சுப்பொறியை வாங்குமுன்னர், அல்லது கடையில் படத்தைக் கொடுக்குமுன்னர், “இப்படம் எதற்காக?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளையின் பாட ஏட்டில் ஒட்டுவதற்கா, உறவினருக்குக் கொடுப்பதற்கா, சுவரில் மாட்டி முப்பது ஆண்டு காப்பதற்கா? விடைக்கேற்ப முறையும் மாறும்.

லேசர் அச்சுப்பொறி: அலுவலகங்களில் உள்ளது. தூள் மையை வெப்பத்தால் தாளில் ஒட்டவைக்கும். கடிதத்திற்கும் பாரத்திற்கும் ஏற்றது. முகத்தின் நுண்ணிய நிழல்களைக் காட்ட ஏற்றதன்று.

மைத்துளி அச்சுப்பொறி: மிக நுண்ணிய மைத்துளிகளைத் தாளில் தெளிப்பது. பெரிய மைக்கலங்களில் மையை ஊற்றிப் பயன்படுத்தும் வகையை எப்சன் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்தியது. அதன்பின் வீட்டில் அச்சிடும் செலவு பெரிதும் குறைந்தது. இவ்வகையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மையின் எண்ணிக்கை. நான்கு மைகள் கொண்டது பொதுப் பயனுக்குப் போதும். ஆனால் இளஞ்சயானும் இளமெஜந்தாவும் சேர்ந்த ஆறு மைகள் கொண்டதில் கன்னத்தின் நிழல் புள்ளி தெரியாமல் மென்மையாக இறங்கும். இரண்டாவது, மையின் தன்மை. நீரில் கரைந்த சாய மை பளபளப்பாக இருக்கும். எனினும் ஒளியாலும் ஈரத்தாலும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவாலும் விரைந்து மங்கும். நுண்துகள்களால் ஆன நிறமி மை அவற்றைப் பெரிதும் தாங்கி நிற்கும்.

சில மலிவான பொறிகளில் கறுப்பு மட்டும் நிறமி மையாகவும் ஏனைய மூன்றும் சாய மையாகவும் இருக்கும். பளபளப்பான படத்தாளில் அச்சிடும்போது அக்கறுப்பு பயன்படுத்தப்படாது. மூன்று வண்ணங்களைக் கலந்தே கருமை உண்டாக்கப்படும். கருங்கூந்தல் பழுப்பாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வெப்பச் சாய அச்சுப்பொறி: மஞ்சள், மெஜந்தா, சயான் ஆகிய சாய நாடாக்களைச் சூடாக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தாளில் ஏற்றி, இறுதியில் ஒரு காப்புப் பூச்சையும் பூசும். படம் உலர்ந்தே வெளிவரும். நீர்த்துளி பட்டால் கெடாது. தாளும் நாடாவும் எண்ணிக்கை குறித்து ஒன்றாகவே விற்கப்படுவதால் கணக்கிடுவது எளிது. எடுத்துக்காட்டாக, 108 படங்களுக்குரிய பெட்டியின் விலையை 108ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு தெரிந்துவிடும். சிறிய படங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

புகைப்படக் கடையின் இயந்திரம்: வெள்ளி உப்புப் பூசிய தாளை லேசர் ஒளியில் காட்டி, பின்னர் மருந்து நீரில் கழுவிப் படத்தைத் தோற்றுவிக்கும் முறை பழமையானது, நிழல்கள் மென்மையாக அமையும். மருந்து நீர் இன்றி மைத்துளியாலேயே அச்சிடும் இயந்திரங்களும் இப்பொழுது கடைகளில் உள்ளன. “தம்பி, இங்கே எந்த முறையில் அச்சிடுகிறீர்கள்? தாள் எந்த வகை?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. நல்ல கடைக்காரர் விளக்கிச் சொல்வார்.

ஆண்டுக்கு ஐம்பது, நூறு படங்களே அச்சிடும் குடும்பம் சொந்தப் பொறி வாங்குவதைவிடக் கடையை நாடுவதே சிக்கனம். மைத்துளிப் பொறியை வாரக்கணக்கில் பயன்படுத்தாது வைத்தால் மைத்துளைகள் அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தூய்மை செய்வதற்கே மை வீணாகும். பொறியின் விலையை மட்டும் பாராது, மை, தாள், வீணாகும் படங்கள் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே முடிவு செய்யுங்கள். லயத்திலுள்ள நான்கைந்து குடும்பங்கள் கூடி ஒன்று வாங்கினால் பொறியும் ஓயாது இயங்கும், செலவும் குறையும்.

3. நம் முகங்கள் ஏன் இருண்டன?

பழைய ஸ்டூடியோப் படங்களில் கரிய நிறத்தவரின் முகங்கள், கண்ணும் பல்லும் மட்டும் தெரியுமாறு இருண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனை நம் நிறத்தின் குறையென எண்ணியவர் உண்டு. அது முற்றிலும் தவறு.

வண்ணப்பட அச்சகங்கள் தம் இயந்திரங்களைச் சரிசெய்து கொள்ளப் பல்லாண்டுகளாக ஒரு மாதிரிப் படத்தை ஒப்புநோக்கி வந்தன. ‘ஷெர்லி அட்டை’ எனப் பெயர்பெற்ற அப்படத்தில் இருந்தவர் வெள்ளைத்தோல் உடைய பெண்மணி. அவருடைய நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று கொண்டனர். ஏனைய நிறத்தவரின் முகங்கள் எவ்வாறு வந்தன என்று எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. கோடாக் நிறுவனம் பல இனப் பெண்கள் ஒன்றாக அமர்ந்திருக்கும் அட்டையை வெளியிட்டது 1990களின் நடுப்பகுதியில்தான். கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் லோர்னா ரோத் இவ்வரலாற்றை ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். கூகுள் நிறுவனம், கரிய நிற முகங்களையும் உள்ளபடி காட்டும் ஏற்பாட்டைத் தன் கைப்பேசியில் சேர்த்தது 2021ஆம் ஆண்டில். குறை மாதிரியில் இருந்ததே ஒழிய மனிதரில் இல்லை.

ஆகவே, கருவி சொல்வதை அப்படியே ஏற்காமல் நாமே திருத்திக்கொள்ள வேண்டும். ஒளியளக்கும் கருவி, காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முனையும். வெள்ளைச் சுவரின் முன் நிற்கும் கரிய நிறத்தவரைப் படமெடுத்தால், சுவரின் வெண்மையை அடக்கும்பொருட்டு முகத்தையும் சேர்த்து இருளச் செய்துவிடும். கைப்பேசித் திரையில் முகத்தின்மீது விரலை வைத்துத் தொட்டால் கருவி முகத்திற்கேற்ப ஒளியை அளக்கும். மரத்தடியில் நிற்பவரை வெளிச்சமுள்ள பக்கம் நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். நடுப்பகல் வெயிலைவிடக் காலை பத்து மணிக்கு முற்பட்ட ஒளி முகத்திற்கு நன்று.

மலாய்க்காரர், சீனர், இந்தியர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் படம் நம் நாட்டில் இயல்பானது. அத்தகைய படத்தில், நிறம் வெளுத்தவர்களின் நெற்றி வெண்திட்டாகாமலும் கரியவர்களின் கண்குழி இருண்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நேர் வெயிலைத் தவிர்த்து, திறந்த நிழலில் அனைவரையும் நிறுத்துவதே தக்க வழி.

முகத்தை வெளுக்கச் செய்யும் ‘அழகு’ வசதியைப் பற்றியும் ஒரு சொல். இருண்ட முகத்தைத் தெளிவாக்குவது திருத்தம். கரிய முகத்தை வெளுப்பாக்குவது திருத்தம் ஆகாது. நம் பேரப்பிள்ளைகள் நம்மை நாமாகவே காண வேண்டும். அவ்வசதியை நிறுத்திவிட்டுப் படமெடுங்கள்.

4. வண்ணத்தைச் சீர்செய்தல்

ஒரே எண்ணை ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு வண்ணமாகக் காட்டிய குழப்பத்தைத் தீர்க்க, 1993ஆம் ஆண்டில் எட்டு நிறுவனங்கள் கூடி அனைத்துலக வண்ண மன்றத்தை அமைத்தன. ஒவ்வொரு திரைக்கும் பொறிக்கும் தாளுக்கும் ‘வண்ணக் குறிப்பு’ ஒன்றை எழுதி வைக்கும் முறை அம்மன்றத்தால் வந்தது. 1996ஆம் ஆண்டில் ஹியூலட்-பேக்கார்ட், மைக்ரோசாப்ட் நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது வண்ண அளவையை முன்மொழிந்தன. 1999ஆம் ஆண்டில் அது அனைத்துலகத் தரமாயிற்று. பெரும்பாலான புகைப்படக் கடைகள் இவ்வளவையிலேயே படங்களைப் பெறுகின்றன. வேறு அளவையில் உள்ள படத்தைக் கொடுத்தால் வண்ணம் சோர்ந்து தோன்றலாம். எனவே, எந்த அளவை வேண்டுமெனக் கடையில் கேட்டறிந்து, படத்தை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிக் கொடுங்கள். மாற்றத் தெரியாதவர் கடைக்காரரையே மாற்றித் தரச் சொல்லலாம்.

வீட்டில் அச்சிடுவோர் மூன்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதலில் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் பார்த்துத் திருத்திய படம் அச்சில் இருண்டே வரும். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, பொறியின் அமைப்பில் நீங்கள் இட்ட தாளின் வகையையே தேர்ந்தெடுங்கள். பளபளப்புத் தாளை இட்டுவிட்டுச் சாதாரணத் தாள் என்று குறித்தால் மையின் அளவு பிறழும்.

மூன்றாவதாக, கணினியோ அச்சுப்பொறியோ இரண்டில் ஒன்று மட்டுமே வண்ணத்தைத் திருத்தட்டும். இரண்டும் திருத்தினால் முகம் செக்கச்சிவந்து போகும். ரப்பர்ப் பாலை உறையவைக்க இருவர் தனித்தனியே அமிலம் ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும்.

முகத்தில் வேறு வண்ணம் படிந்திருந்தால் அதன் எதிர் வண்ணத்தைக் கூட்ட வேண்டும். பச்சை படிந்தால் மெஜந்தா. சிவப்பு படிந்தால் சயான். நீலம் படிந்தால் மஞ்சள். ரப்பர் மரத்தடியில் எடுத்த படங்களில், இலைகளூடே வடிந்த ஒளியினால் முகங்களில் பச்சை படிவது வழக்கம். அதனை அளந்தறிய, படத்திலேயே வெண்மையான பொருள் ஒன்றைத் தேடுங்கள். வெள்ளைச் சட்டையோ வேட்டியோ மங்கிலுள்ள பாலோ போதும். அது வெண்மையாகத் தோன்றும் வரை வண்ணத்தைத் திருத்தினால் முகமும் தன் நிறத்தை அடையும்.

5. சோதனைத் தாள்

பெரிய படம் ஒன்றை அச்சிடுமுன் சோதனைத் தாள் ஒன்று போடுவது இப்பாடத்தின் தலையாய செய்தியாகும்.

தாத்தா பாட்டியுடன் குடும்பத்தார் அனைவரும் மரத்தடியில் நிற்கும் படம் ஒன்று உள்ளதெனக் கொள்வோம். அதனை 8ஆர் அளவில் அச்சிட்டுச் சுவரில் மாட்ட விரும்புகிறீர்கள். முதலில் பாட்டியின் முகப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். அதனை நான்கு நகல்களாக்குங்கள். ஒன்றை உள்ளபடி விடுங்கள். இரண்டாவதைச் சிறிது வெளிச்சமாக்குங்கள். மூன்றாவதை இன்னும் சிறிது வெளிச்சமாக்குங்கள். நான்காவதில் வெளிச்சத்தோடு பச்சையையும் சிறிது குறையுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 1, 2, 3, 4 என எண்ணிடுங்கள். நான்கையும் ஒரே 4ஆர் தாளில், பெரிய படத்திற்கு எண்ணிய அதே பொறியில், அதே வகைத் தாளில் அச்சிடுங்கள். கடையில் கொடுப்பதாயின், “இயந்திரம் தானாகத் திருத்த வேண்டா, உள்ளபடியே அச்சிடுங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். இல்லையேல் நான்கும் ஒன்றுபோல் ஆகிவிடக்கூடும்.

மைத்துளிப் படமாயின் சில மணி நேரம் உலரவிட்ட பின்னரே வண்ணம் நிலைபெறும். பின்னர்ப் பகலில், சன்னல் ஓரமாக, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லாப் படமும் மஞ்சளே. உலர்ந்த ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் பிரித்த கண்கள் நம்முடையவை. அத்தேர்ச்சி இங்கும் உதவும். பாட்டியே அருகில் இருப்பாராயின், அவர் முகத்தையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த மாதிரி வேறில்லை. நான்கனுள் சிறந்ததன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே திருத்தத்தை முழுப் படத்திற்கும் செய்து 8ஆர் அச்சிடுங்கள். சோதனைத் தாளைத் தேதியும் பொறியும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த படத்திற்கு அதுவே வழிகாட்டி.

6. அளவும் அனுப்பும் முறையும்

நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். 4ஆர் என்பது 4க்கு 6 அங்குலம். அதற்கு 1200க்கு 1800 புள்ளிகள் போதும். 8ஆர் என்பது 8க்கு 10 அங்குலம். அதற்கு 2400க்கு 3000 புள்ளிகள் தேவை. 12 மில்லியன் புள்ளிகள் கொண்ட கைப்பேசிப் படம் இதற்குத் தாராளம். ஆனால் அதே படம் வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்படும்பொழுது சுருக்கப்படுகின்றது. கடைக்கு அனுப்பும்போது ‘ஆவணம்’ என்ற வகையில் இணைத்தால் மூலப் படமே சென்று சேரும். நேரில் எடுத்துச் சென்று கொடுப்பது அதனினும் நன்று.

கைப்பேசிப் படத்தின் வடிவம் பெரும்பாலும் 4க்கு 3. 4ஆர் தாளின் வடிவம் 3க்கு 2. தாள் முழுவதையும் நிரப்பினால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கிடைப்படத்தில் தலையோ காலோ போகும். நெடும்படத்தில் ஓரத்தில் நிற்பவர் போவார். ஆதலின், எடுக்கும்போதே சுற்றிலும் சற்று இடம் விட்டு எடுங்கள்.

7. காத்தல்

பெட்டியின்மேல் ‘நூறாண்டு நிலைக்கும்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. அத்தகைய கணக்குகள் பெரும்பாலும் 24 பாகை வெப்பமும் 60 விழுக்காடு ஈரமும் உள்ள அறையை எண்ணிச் செய்யப்படுபவை. நம் நாட்டின் காற்றோ அதனினும் வெப்பமும் ஈரமும் மிக்கது.

1970களில் அச்சிட்ட வண்ணப்படங்கள் பல இன்று செம்மை படிந்து கிடக்கின்றன. அவற்றின் சயான் சாயம் இருளிலும் மெல்ல அழிந்ததே காரணம். அவற்றிற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களோ வெள்ளியால் ஆனவை. பல இன்னும் தெளிவாக உள்ளன. அத்தகைய பழைய படங்களைச் சட்டத்திலிருந்து எடுத்து, சன்னல் நிழலில் வைத்து, மின்னொளி இன்றிக் கைப்பேசியால் படமெடுத்துப் புதிதாக அச்சிட்டுக்கொள்ளலாம். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் அப்படியே எடுங்கள்.

புதிய படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில், கண்ணாடியைத் தொடாதவாறு அட்டை விளிம்பிட்டு மாட்டுங்கள். வெயில் படும் சுவரும், அடுப்பங்கரையும், சாமி விளக்கின் புகை படியும் இடமும் ஆகா. பசை பூசிய பக்கங்கள் கொண்ட ஆல்பங்களைத் தவிருங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். பெயரறியாத முகம் இரண்டு தலைமுறைக்குப்பின் அன்னியர் முகம் ஆகிவிடும்.

நினைவிற் கொள்க

• படம் எதற்காக என்பதை முதலில் முடிவு செய்க.
• நெடுங்காலம் வேண்டுமாயின் நிறமி மையோ கடையின் வெள்ளி உப்புத் தாளோ தேர்க.
• முகத்தைத் தொட்டு ஒளியளந்து படமெடுக்க; முகத்தை வெளுக்கச் செய்யற்க.
• திரையின் வெளிச்சத்தைக் குறைத்துத் திருத்துக. ஓரிடத்தில் மட்டும் வண்ணம் திருத்துக.
• பெரிய அச்சுக்குமுன் சோதனைத் தாள் இடுக; பகலொளியில் பார்த்துத் தேர்க.

இம்மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, கைப்பேசியிலுள்ள படங்களுள் பத்தினைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். முதியவர்களின் படங்கள் முதலில் இடம்பெறட்டும். நம் தோட்டத்தில் வாழ்ந்தோர் இன்னார், அவர்தம் முகம் இத்தகையது என்பதை நம் பிள்ளைகள் ஐயமின்றி அறிய அதுவே வழியாகும்.